தவளை, தேரை, ஆமை: மேற்குத் தொடர்ச்சி மலையில் இனம் பிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பேராசிரியர் இல்லை. பல வருடமாக ஆராய்ச்சியாளர்களுக்குப் பின்னால் டார்ச், குறிப்பேடு, ஈரப் பை எல்லாம் சுமந்துகொண்டு ஆனைமலைப் பக்கம் இரவு இரவாகச் சுற்றியவன். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் எனக்குக் கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். படம் அனுப்பி "இது என்ன இனம்?" என்று கேட்பவர்கள் ஒருபக்கம், "இதையெல்லாம் எண்ணி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை வலித்துப்போனதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே.

தவளைக்கும் தேரைக்கும் என்ன வித்தியாசம்?

நீங்கள் எந்த ஊர் என்று முதலில் சொல்லுங்கள். சில ஊர்களில் தேரை என்றால் முற்றத்தில் விளக்குக்கு அடியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் சொறித்தோல்காரன். வேறு ஊர்களில் அதற்குச் சொறித்தவளை என்று பெயர். அங்கே தேரை என்றால் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான மரத்தவளை. இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அரை மணிநேரம் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அறிவியலில் விஷயம் கொஞ்சம் எளிது. வாலில்லாத, தாவுகிற இருவாழ்விகள் எல்லாம் ஒரே பெருங்கூட்டம். அதற்குள் ஒரு குடும்பம்தான் தேரைகள். ஆகவே தேரை எல்லாம் தவளைக் கூட்டத்தைச் சேர்ந்தது; தவளை எல்லாம் தேரை ஆகாது. அந்தக் குடும்பத்தின் அடையாளம் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பருத்த நச்சுச் சுரப்பி, பெரும்பாலும் உலர்ந்த சொறித்தோல், அப்புறம் பல்லே இல்லாத வாய். மற்ற பல தவளைகளுக்கு மேல்தாடையில் நுண்ணிய பற்கள் உண்டு, விரலால் தடவினால் மணல்தாள் போல உறுத்தும்.

"தேரை என்றால் தரையில் நடக்கும், தவளை என்றால் தாவும்" என்று பாடம் சொல்வார்கள். மேற்கு மலையில் அதுவும் செல்லாது. மலபார் மரத்தேரை என்று ஒன்று இருக்கிறது, 1870களிலேயே விவரிக்கப்பட்டது. முறைப்படி தேரைக் குடும்பம், ஆனால் வாழ்வது மரத்தில்.

தேரை மோந்தால் தேங்காய் ஒல்லியாகிவிடுமா? தொட்டால் மரு வருமா?

இரண்டும் இல்லை. ஒல்லிக்காய்க்கு மகரந்தச் சேர்க்கைக் குறையும் சத்துக் குறையும்தான் காரணம், பாவம் தேரைமேல் பழி. மரு வருவது வைரஸால். ஆனால் தேரையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள், எரியும். நாய் கவ்விவிட்டால் வாயில் நுரை தள்ளும், உடனே வாயைக் கழுவிவிடுங்கள்.

ஆமை ஊர்வன. தவளை இருவாழ்வி. இரண்டையும் ஏன் ஒரே ஆள் படிக்கிறார்?

பழைய பழக்கம்தான். விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்குத் தொடக்கமாக நாம் கொள்வது இயற்கையியலாளர் லின்னேயஸ் எழுதிய நூலின் 1758 பதிப்பு. அதில் அவர் தவளை, பல்லி, பாம்பு, ஆமை எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் போட்டார், கூடவே சுறா, திருக்கை போன்ற மீன்களையும். பிற்பாடு மீன்கள் வெளியே போயின, ஊர்வன தனியாகப் பிரிந்தன, ஆனால் அவற்றைப் படிக்கும் ஆட்கள் மட்டும் பிரியவில்லை. உறவுமுறையில் ஆமைக்குத் தவளையைவிடக் கோழிதான் நெருக்கம்.

நடைமுறையிலும் ஒரு வசதி உண்டு. தவளை தேடி ஓடையோரம் குனிந்து நடப்பவன் கண்ணில்தான் இலைச்சருகுக்குள் கிடக்கும் ஆமையும் படும்.

படத்தைப் பார்த்து என்ன இனம் என்று சொல்லிவிடுவீர்களா?

பாதிக்குச் சொல்லலாம். மீதிப் பாதிக்குச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நம் வயல்களில் சாதாரணமாகக் கிடக்கும் சிறிய பழுப்புத் தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் சுருக்கம் சுருக்கமாக மடிப்பு, சிலவற்றுக்கு நடுவில் ஒரு வெளிர்க்கோடு. ஜாவாத் தீவிலிருந்து கிடைத்த ஒரு தவளைக்கு 1829ல் வைத்த பெயரை, நூறு வருடத்துக்கும் மேலாக இந்தியாவின் வயல் தவளைகளுக்கும் ஒட்டிவிட்டார்கள். ஜாவா முதல் இங்கே வரை ஒரே இனம் என்று நம்பிக்கை. பிறகு ஒவ்வோர் ஊரிலும் கத்தலைப் பதிவு செய்து, டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோது அந்த ஒரு பெயருக்கு அடியில் பல இனங்கள் ஒளிந்திருந்தது தெரிந்தது. இன்றைக்குத் தெற்காசியாவின் வயல் தவளைகள் மினர்வேரியா என்ற தனிப் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்தில், இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டே பிரிக்க முடியாது, படத்தில் எங்கே பிரிப்பது?

ஆகவே படம் எடுக்கும்போது முதுகை மட்டும் அழகாக எடுக்காதீர்கள். பக்கவாட்டில் காதுச்சவ்வு தெரிய ஒன்று, பின்னங்கால் விரல்களுக்கு இடையே சவ்வு எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிய ஒன்று, விரல் நுனியில் வட்டத் தட்டு இருக்கிறதா என்று ஒன்று. தொடையின் உள்பக்கம் தெரிந்தால் இன்னும் நல்லது. நிறத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே இலையில் ஒரே இனத்தின் பச்சையும் பழுப்பும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் எதை வைத்துத்தான் பிரிக்கிறீர்கள்?

முதலில் காது. "நுணலும் தன் வாயால் கெடும்" என்பார்களே, நுணல் என்பது மணலுக்குள் புதைந்து கிடக்கிற தவளை. தோண்டினாலும் கிடைக்காது, மழை விழுந்ததும் துணையைக் கூப்பிடக் கத்தும், இடம் தெரிந்துவிடும். அந்தப் பழமொழியைச் சொன்ன ஆள் நிச்சயம் இரவில் தவளை தேடியிருக்கிறார்.

ஆண் கத்துகிறது, பெண் அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் தன் இனத்து ஆணைத் தேர்ந்தெடுக்கிறது. இனம் மாறிப்போகாமல் பார்த்துக்கொள்வது பெண்ணின் காது. அந்தக் காது கேட்பதை நாம் கருவியில் வரைபடமாக்கிப் பார்க்கிறோம்: சுருதி எவ்வளவு கிலோஹெர்ட்ஸ், ஒரு கூப்பாட்டில் எத்தனை துடிப்பு, இரண்டு கூப்பாட்டுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி. காற்றின் சூட்டையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் குளிர்ந்தால் தவளை கத்தும் வேகம் குறையும். வெப்பநிலை குறிக்காத பதிவு கல்யாணத் தேதி போடாத பத்திரிகை மாதிரி.

ஒருமுறை ஒரு புதர்த்தவளையைத் தேடி ஒரே செடியைச் சுற்றி நாற்பது நிமிடம் நின்றோம். டிக், டிக், டிக் என்று காதுக்குப் பக்கத்திலேயே சத்தம், ஆள் இல்லை. நான் இடப்பக்கம், கூட வந்தவர் வலப்பக்கம், இரண்டு டார்ச்சும் சந்திக்கும் இடத்தில் தேடினால் கிடைக்கும் என்பது கணக்கு. கடைசியில் இலையின் அடிப்பக்கம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. தொண்டைப் பை மட்டும் டார்ச் வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக உப்பி உப்பி அடங்கியது. விளக்கை அணைத்தோம். உடனே மறுபடி தொடங்கிவிட்டது.

ஓடையோரத்து நடனத்தவளைகள் வேறு வழி வைத்திருக்கின்றன. நீர் இரைச்சலில் குரல் எடுபடாத இடத்தில் ஆண் பின்னங்காலைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை விரித்து ஆட்டிக் காட்டுகிறது. இந்தப் பேரினத்தில் 2014ல் ஒரே கட்டுரையில் 14 புது இனங்களை விவரித்தார்கள்.

டிஎன்ஏ சோதனை வந்துவிட்டதே. இன்னும் எதற்கு மழையில் நனைகிறீர்கள்?

டிஎன்ஏ எடுக்கவும் தவளை வேண்டுமே! அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறேன். தவளைகளுக்குப் பெரும்பாலும் 16 எஸ் என்ற சிறிய மரபணுத் துண்டைப் படிக்கிறார்கள். இரண்டு தவளைகளுக்கு இடையே அந்தத் துண்டில் சுமார் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் "இங்கே இரண்டு இனம் இருக்கலாம், பாருங்கள்" என்று அது சொல்லும். "பாருங்கள்" என்றுதான் சொல்லும், தீர்ப்பு எழுதாது. ஒரே இனம் இரண்டு மலைகளில் நெடுங்காலம் பிரிந்திருந்தாலும் வித்தியாசம் ஏறிக்கொண்டே போகும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று பிரிந்து நிற்கும் தவளைகள் பல. அவை வேறு வேறு இனமா, ஒரே இனத்தின் இரு கிளையா என்று முடிவு செய்யக் குரலும் உடலும் நடத்தையும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும். மரபணு எண்ணை மட்டும் வைத்து அவசரமாகப் பெயர் வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை, இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்களும் உண்டு.

மறுபக்கமும் உண்மை. 2017ல் விவரித்த ஏழு இரவுத்தவளைகளில் நான்கு, 16 மில்லிமீட்டரைத் தாண்டாதவை. குரல் பூச்சிச் சத்தம் மாதிரி. பார்த்தவர்கள் ஏதோ பெரிய இனத்தின் குஞ்சு என்று நினைத்துக் கடந்திருப்பார்கள். இவை வளர்ந்த தவளைகள்தான் என்றும், தனித்தனி இனங்கள் என்றும் உறுதி செய்ததில் மரபணுவுக்குப் பெரிய பங்கு.

ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்தால் என்ன செய்ய வேண்டும்? பெயர் வைத்தால் போதுமா?

பெயர் வைப்பது கடைசி வேலை. முதலில் அது ஏற்கெனவே பெயர் வைத்தது இல்லை என்று காட்ட வேண்டும், அதுதான் உயிரை வாங்கும். 1800களில் யாரோ ஒருவர் நான்கே வரி லத்தீனில் எழுதி, "இந்தியா" என்று மட்டும் இடம் குறித்துப் போயிருப்பார். அவர் பார்த்த தவளை பெர்லினிலோ லண்டனிலோ ஒரு சீசாவில் நிறம் வெளுத்துக் கிடக்கும். அதைப் போய்ப் பார்த்தாக வேண்டும். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி.

அந்தப் பழைய சீசாக்களில் நம் ஊர்களும் இருக்கின்றன. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் வசம் இருந்தபோது அங்கிருந்த பாதிரியார் ஜான் என்பவர் பெர்லினில் இருந்த மீன் ஆய்வாளர் பிளாக்குக்கு மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தார். நம் இருதலை மணியன் பாம்பின் அறிவியல் பெயரில் "ஜானி" என்று வருவது அவர் நினைவாகத்தான்.

பிறகு, அந்த இனத்துக்கு ஒரு மூலமாதிரி வேண்டும். ஒரே ஒரு உடல். நாளைக்குச் சந்தேகம் வந்தால் "இந்தப் பெயர் இதற்குத்தான்" என்று எடுத்துக் காட்ட அது அருங்காட்சியகத்தில் இருக்கும். முதலில் திசுத்துண்டு ஒன்றைத் தூய ஆல்கஹாலில் போட்டுவிட வேண்டும், ஃபார்மலின் பட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். அதற்குப் பிறகு உடலை ஃபார்மலினில் பதப்படுத்தி, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுவார்கள். மூக்கு நுனி முதல் கழிவாய் வரை நீளம், தலை அகலம், கண் விட்டம், ஒவ்வொரு விரல் என்று வெர்னியர் காலிப்பரில் 0.1 மில்லிமீட்டர் வரை அளப்பார்கள்.

காலில் கட்டும் சீட்டைப் பென்சிலிலோ இந்தியன் இங்க்கிலோ எழுத வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை நான் பால்பாயின்ட் பேனாவில் எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் சீசாவுக்குள் இளநீலத் திரவமும் வெற்றுச் சீட்டும். எந்த ஓடை, எந்தத் தேதி என்று தெரியாத தவளை அறிவியலுக்கு எதற்கும் ஆகாது. அந்தத் தவளையின் கண் என்னைப் பார்த்தபடியே இருந்தது, இன்னும் மறக்கவில்லை.

கொன்றுதான் ஆக வேண்டுமா?

எல்லா வேலைக்கும் இல்லை. எங்கே என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கக் குரல் பதிவும் படமும் போதும். டிஎன்ஏ வேண்டுமென்றால் வாயில் பஞ்சுக்குச்சி தடவி எடுக்கலாம். ஆனால் புது இனம் விவரிக்கும்போது ஒரு சில உடல்களாவது எடுப்பதுதான் இன்றுவரை வழக்கம். வனத்துறை அனுமதி இல்லாமல் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. ஒரு சாலை விரிவாக்கத்தில் ஒரே இரவில் நசுங்கும் தவளைகளின் பக்கத்தில் இந்த எண்ணிக்கை ஒன்றுமில்லை என்பார்கள். உண்மைதான், இருந்தாலும் எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

ஊதாத் தவளையை 2003 வரை யாருமே பார்த்ததில்லையா?

பார்த்தார்கள். அறிவியல் கட்டுரையில் எழுதியவர்கள்தான் இல்லை.

2003ல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போஸ்ஸூயும் "நேச்சர்" இதழில் இடுக்கியிலிருந்து ஒரு தவளையை விவரித்தார்கள். ஊதின பலூன் மாதிரி உடம்பு, குட்டிக் கால்கள், வெள்ளைக் கூர்மூக்கு. நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று பெயர். "நாசிகா" மூக்கு, "சஹ்யாத்ரி" நம் மலை. இதன் நெருங்கிய சொந்தம் எங்கே இருக்கிறது என்றால் சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், செஷல்ஸ் தீவுகளில். இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்து சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. கடலைத் தாண்ட முடியாத தவளை இரண்டு கரையிலும் சொந்தம் வைத்திருக்கிறது என்றால், தவளை நகரவில்லை, நிலம் நகர்ந்திருக்கிறது.

வருடம் முழுவதும் மண்ணுக்குள் கறையான் தின்று கிடக்கும். பருவமழைக்கு முன்னோடியான மழையில் சில நாள் மட்டும் வெளியே வந்து, ஓடையோரப் பாறைக்குழிகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுத் திரும்பிவிடும். ஓணத்துக்கு வரும் மாவேலி மன்னன் போல வருடத்துக்கு ஒருமுறை மண்ணுக்குள்ளிருந்து வருவதால் கேரளத்தில் மாவேலித் தவளை என்கிறார்கள். ஆண் மண்ணுக்குள் இருந்தபடியே கத்தும். நிலம் கொக்கரிப்பது போல இருக்கும்.

இதன் தலைப்பிரட்டைகள் பெருக்கெடுக்கும் ஓடையில் உறிஞ்சி வாயால் பாறையைப் பிடித்துக்கொண்டு வளர்பவை. அந்தத் தலைப்பிரட்டைகளை விலங்கியலாளர் ஆனண்டேல் 1918லேயே விவரித்துவிட்டார், எந்தத் தவளையின் பிள்ளைகள் என்று தெரியாமலே. பிள்ளைக்கும் தாய்க்கும் உறவு தெரிய எண்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் இடுக்கிப் பக்கத்துப் பழங்குடிகள் அந்தத் தலைப்பிரட்டையை மழைக்காலத்தில் சேகரித்துச் சாப்பிட்டே வந்திருக்கிறார்கள். எந்தப் பாறையில் எந்த வாரத்தில் கிடைக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

தமிழ்நாட்டுக்கும் ஒன்று உண்டு. 2017ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து இரண்டாவது இனத்தை விவரித்தார்கள்: நாசிகாபட்ராகஸ் பூபதி. மழை மறைவுப் பக்கம் என்பதால் இது வடகிழக்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்கிறது. கோவையில் சாலிம் அலி மையத்தில் பணியாற்றி, 2014ல் அகத்தியமலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் இறந்த எஸ். பூபதியின் பெயர் அது.

இலங்கையிலும் இதே கதைதானா?

அங்கே இன்னும் தீவிரம். மழைக்காட்டுப் புதர்த்தவளைகள் பல அங்கே தலைப்பிரட்டைப் பருவமே இல்லாதவை. முட்டைக்குள்ளேயே வளர்ந்து நேராகக் குட்டித் தவளையாக வெளியே வரும், குளமோ ஓடையோ தேவையில்லை. நம் பக்கத்து ராவோர்செஸ்டஸ் பேரினப் புதர்த்தவளைகளும் அப்படித்தான். நீர் தேடிப் போகத் தேவையில்லாததால் ஒவ்வொரு மலைமுகட்டுக்கும் ஒன்று என்று பிரிந்து நிற்கின்றன. 2005ல் மனமேந்திர ஆரச்சியும் பெத்தியாகொடவும் ஒரே மூச்சில் 27 புது இனங்களை விவரித்தார்கள்.

அதே வேலையில் வேறு ஒன்றும் தெரிந்தது. பழைய அருங்காட்சியகச் சீசாக்களில் இருந்த பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்களைக் காட்டில் எங்கும் காணவில்லை. 2007ல் இரண்டு இனங்களுக்கு 19ஆம் நூற்றாண்டு மாதிரிகளை வைத்துப் பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கும்போதே அவை அழிந்துபோனவையாகக் கணக்கில் சேர்ந்தன. எதிர்த்திசையிலும் நடப்பதுண்டு. 1853ல் கெலார்ட் என்பவர் விவரித்த, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்த தவளை ஒன்று, அழிந்துவிட்டதாக எழுதியபிறகு சிவனொளிபாத மலைக்காட்டில் மறுபடி கிடைத்தது.

அறிவியல் பெயரை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள்? படித்ததெல்லாம் வீணாகிறதே!

எனக்கும் அதே எரிச்சல்தான். நான் படித்தபோது நம் முற்றத்துத் தேரை பூஃபோ மெலனோஸ்டிக்டஸ். 2006ல் பெரிய மரபுவழி ஆய்வு ஒன்று வந்து, உலகத்துத் தேரைகள் எல்லாவற்றையும் பூஃபோ என்ற ஒரே பானையில் போட முடியாது என்று காட்டியது. நம்முடையது துட்டாஃப்ரைனஸ் ஆனது, ஒடிசாவின் தவளை ஆய்வாளர் எஸ்.கே. தத்தாவைச் சிறப்பிக்க. இரண்டாவது பாதி, 1799ல் வைத்த மெலனோஸ்டிக்டஸ், அப்படியே நிற்கிறது. தெரு மாறினாலும் வீட்டு எண் மாறாது.

சில நேரம் இரண்டாவது சொல்லின் வாலும் மாறும். பெரிய வயல் தவளை ராணா டைக்ரினா என்று இருந்தது, ஹோப்லோபட்ராகஸ் டைக்ரினஸ் ஆனது. லத்தீனில் ராணா பெண்பால், ஹோப்லோபட்ராகஸ் ஆண்பால். "வந்தாள்" என்பது "வந்தான்" ஆகிறது, அவ்வளவுதான்.

பெயருக்கு யார் பெயரையும் வைக்கலாம். கேரளத்தின் காட்டு ஜாதிக்காய்ச் சதுப்புகளில் கிடைத்த ஒரு தவளைக்கு 2013ல் மெர்குரானா என்று பெயர் வைத்தார்கள், பாடகர் ஃப்ரெடி மெர்குரி நினைவாக. அவர் சிறுவயதில் பஞ்ச்கனியில், அதாவது இதே மலைத்தொடரின் வடபகுதியில், படித்தவர்.

ஆமையை எப்படி இனம் காண்பது? அதுதான் கத்தாதே.

ஆமைக்கு ஓடு. எண்ணத் தெரிந்தால் போதும், கடலாமையில் இது ரொம்பச் சுலபம். மேல் ஓட்டின் நடுவரிசைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு புறமும் எத்தனை தகடு என்று எண்ணுங்கள். நான்கு என்றால் பேராமை அல்லது அழுங்காமை. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு ஜோடிச் செதில் இருந்தால் பேராமை. இரண்டு ஜோடி, ஓட்டுத் தகடுகள் ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அழுங்காமை. ஐந்தும் பெரிய தலையும் என்றால் பெருந்தலை ஆமை. ஆறோ அதற்கு மேலோ, இடப்பக்கம் ஆறு வலப்பக்கம் ஏழு என்று ஒழுங்கில்லாமல் இருந்தால் நம் பங்குனி ஆமை. தகடே இல்லாமல் தோல் போர்த்தி, முதுகில் நீளவாக்கில் ஏழு மேடு இருந்தால் தோணியாமை. மீனவர்கள் ஏழுவரி ஆமை என்றும் சொல்வார்கள். மீனவர்கள் வைத்த அந்தப் பெயரிலேயே அடையாளக் குறிப்பு இருக்கிறது. பங்குனி ஆமை என்ற பெயரில் முட்டையிடும் காலம் இருக்கிறது.

நன்னீரில், பாலாமையைப் புரட்டிப் பார்த்தால் பின்னங்காலை மூடிக்கொள்ள வயிற்றோட்டில் இரண்டு தோல் மடிப்புக் கதவு உண்டு. வெகுநேரம் புரட்டி வைக்காதீர்கள்.

தனி ஆமையை மறுபடி அடையாளம் காணக் கடலாமைக்குத் துடுப்பில் எண் தகடு மாட்டுவார்கள். 2021ல் ஒடிசாவில் தகடு மாட்டிய ஒரு பங்குனி ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் ஏறி முட்டையிட்டது. கிழக்குக் கரை ஆமை வேறு, மேற்குக் கரை ஆமை வேறு என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஓட்டில் இருக்கும் வளையத்தை எண்ணினால் வயது தெரியுமா?

தெரியாது. நல்ல மழை வருடத்தில் இரண்டு வளையம் விழும், பஞ்சத்தில் விழாமலும் போகும், கிழடானால் தேய்ந்துவிடும்.

மேற்கு மலைக்கே உரிய ஆமை ஏதாவது?

இரண்டைச் சொல்ல வேண்டும்.

ஒன்று சூரல் ஆமை. சூரல் என்றால் பிரம்பு. உள்ளங்கையில் அடங்கும், சுமார் 13 சென்டிமீட்டர்தான். சென்னை அருங்காட்சியகத்தின் ஹெண்டர்சன் 1912ல் கொச்சிக் காட்டிலிருந்து விவரித்தார். அதற்குப் பிறகு 70 வருடம் அறிவியல் பதிவே இல்லை. 1982ல் ஜே. விஜயா என்ற இளம்பெண், சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகத் தொடங்கியவர், சாலக்குடிக் காட்டுக்குப் போய்க் காடர் பழங்குடிகளின் உதவியோடு அதைக் கண்டுபிடித்தார். இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று சொல்கிறார்கள். காட்டிலேயே தங்கிப் படித்தார். 1987ல், முப்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். அந்த ஆமையை எந்தப் பேரினத்தில் வைப்பது என்று வெகுகாலம் தடுமாறினார்கள். ஜியோமைடா என்றார்கள், ஹியோசெமிஸ் என்றார்கள். 2006ல் மரபணுவைப் பார்த்தபோது எதிலும் சேராமல் தனியாக நின்றது. அதற்கென்று ஒரு புதுப் பேரினம் உருவாக்கி விஜயாகீலிஸ் என்று பெயர் வைத்தார்கள். கீலிஸ் என்றால் கிரேக்கத்தில் ஆமை. விஜயாவின் ஆமை.

இன்னொன்று திருவிதாங்கூர் ஆமை. 1907ல் தனி இனமாக விவரித்தார்கள். பின்னால் வந்தவர்கள் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு ஆமையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே, யாரோ கப்பலில் கொண்டுபோயிருப்பார்கள் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் மரபணுவைப் பார்த்தபோது இரண்டும் வேறு. 1907ல் சொன்னதே சரி. அந்தக் கப்பல் கதையை நானும் சில பேருக்குச் சொல்லியிருக்கிறேன், மன்னிக்கவும்.

வீட்டில் நட்சத்திர ஆமை வளர்க்கலாமா? அதிர்ஷ்டம் என்கிறார்கள்.

கூடாது. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விமான நிலையப் பெட்டிகளில் நூற்றுக்கணக்கில் காகிதத்தில் சுற்றிப் பிடிபடுகிற ஆமைக்கு எந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கண்ட காட்டில் விட்டுவிடாமல் வனத்துறையிடம் கொடுங்கள். எந்த ஊர் ஆமை என்று தெரியாமல் விடுவது, சீட்டில்லாத சீசா மாதிரி. மரபுவழியும் குழம்பும், நோயும் பரவும்.

நானும் தவளை பார்க்கத் தொடங்கலாமா? என்ன வேண்டும்?

தலையில் மாட்டும் டார்ச், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பென்சில், கைபேசியில் ஒலிப்பதிவு. காட்டுக்குள் போக அனுமதி வேண்டும். உங்கள் ஊர்க் குளத்துக்கு அனுமதி வேண்டாம், அங்கிருந்தே தொடங்குங்கள். கையில் பிடிக்காதீர்கள். ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போகுமுன் பூட்ஸைக் கழுவிக் காயவையுங்கள். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை மேற்கு மலையிலும் பதிவாகியிருக்கிறது, அதற்கு நாம் வண்டியாகிவிடக் கூடாது. தவளை இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பதிவு செய்யும்போது முதலில் உங்கள் குரலில் தேதி, நேரம், இடம், வெப்பநிலை சொல்லிவிட்டு, அப்புறம் இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருங்கள். எனக்கு வரும் பதிவுகளில் பாதியில் "அதோ அங்கே, அங்கே பாரு" என்பதுதான் தெளிவாகக் கேட்கிறது.

குளியலறையில் ஒரு மரத்தவளை ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

எங்கள் வீட்டிலும் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கு மேலே, மூன்றாவது வருடம். அதே தவளைதானா என்று தெரியாமல் இருந்தது. போன கோடையில் தொடையின் உள்பக்கத்து மஞ்சள் புள்ளிகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த மழைக்கு வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.